எடைமேடையில் தேனீக்கள்

மே மாதத்தில் மூன்று நாள் நாடு முழுக்க லாரிகளை ஓரங்கட்டிச் சோதனை போடுவார்கள். எந்த மூன்று நாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த நாட்களில் வண்டியை வாசலில் போட்டுவிட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிற டிரைவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. வண்டியில் குறை இருக்கிறவன்தான் ஒளிவான் என்றில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, தன் வண்டிக்கு அடியில் இன்னொருத்தன் சுண்ணக்கட்டியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு தவழ்வதைப் பார்க்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது.

ஆர்லிஸ் பாக்கனுக்கு அப்படி ஒளியும் வசதி இல்லை. ஐம்பத்தேழு வயது. பதினெட்டுச் சக்கர லாரியைத் தனியாக ஓட்டுகிறவள். அவள் முதுகுக்குப் பின்னால் கறுப்பு வலை போர்த்திய நானூற்றெட்டுத் தேனீப் பெட்டிகள் இருந்தன. கலிபோர்னியாவில் பாதாம் தோப்புகளில் மகரந்தம் சேர்க்கிற வேலை முடிந்து, வடக்கு டகோட்டாவில் ஹார்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சொந்த ஊருக்கு அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். தேனீ லாரி பகலில் நிற்கக் கூடாது. ஓடுகிற வண்டியின் காற்றுக்குப் பயந்து தேனீ பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வெயிலில் வண்டி நின்றால் பூ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே புறப்பட்டுவிடும். அதனால் விடிந்ததும் கிளம்பி, பொழுது சாய்கிற வரை நிற்காமல் ஓட்டுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை, வழியில் பியூட் என்ற ஊரில் டீசல் போட்டபோது கண்ணாடியில் உறைபனி இருந்தது. முட்டை வைத்த ரொட்டியும் ஒரு பெரிய காபியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துப் பம்பில் மாடு ஏற்றிய லாரிக்காரன் ஒருவன் நின்றிருந்தான். வருஷக்கணக்காக வழியில் பார்த்துப் பழகியவன். நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்திச் சோதிக்கிற எடைமேடை எல்லாம் திறந்திருக்கிறது, ஒன்று விடாமல் பிடிக்கிறார்கள் என்று செய்தி சொன்னான்.

"உனக்கென்ன ஆர்லிஸ், உன் வண்டிக்கு அடியில எவன் படுப்பான்? மூக்கு வீங்கிப் போயிரும்னு கையாட்டி அனுப்பிருவான்" என்றான்.

"உன் வண்டிக்கு அடியில படுத்தா மட்டும் மணக்குமாக்கும்" என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே ஏறிப் போனான்.

ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டி, பொத்தானை ஒருமுறை அழுத்தி வீட்டைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அவள் வண்டியை எடுத்தாள். அப்புறம் அந்த இணைப்பைத் துண்டிக்க மாட்டாள். பிப்ரவரியிலிருந்து இப்படித்தான்.

பிப்ரவரியில் அவள் புருஷன் ஓரின் கொட்டகையில் பாரம் தூக்கும் வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவன், கிரீஸ் துப்பாக்கியோடு அப்படியே சாய்ந்து விழுந்தான். மார்ச்சில் இன்னொரு தடவை, சாப்பாட்டு மேஜையில், சூப்புக் கிண்ணத்தின் மேல். வலிப்பு என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, அதற்குள் இன்னொன்று வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பெரிய லாரியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேட்டதற்கு, வருஷங்கள் ஆகும் என்று மட்டும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன் ஓரின். வீட்டுக்கு வந்ததும் லைசென்சை எடுத்து மேஜை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கும் பசைநாடாவுக்கும் நடுவில் போட்டு மூடினான்.

ஆகவே இந்த வசந்தத்தில் அவள் தனியாக ஓட்டினாள். அவன் தனியாக வீட்டில் இருந்தான். நடுவில் ஒரு போன் திறந்தே கிடந்தது. மணிக்கணக்காக இருவரும் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள். அவள் காதில் அவள் சமையலறை ஓடிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டி உறுமுவதும், நாற்காலி தேய்வதும், ரேடியோவில் கோதுமை விலை சொல்வதும் கேட்கும். ஓரின் சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துத் தோலைக் காபிக் கோப்பையில் துப்புவான். அது எந்தக் கோப்பை என்றுகூட சத்தத்தை வைத்து அவளுக்குத் தெரிந்தது. அவள் இல்லாதபோது தன் வீடு எப்படி இருக்கும் என்பதைக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறாள். அவன் நாயிடம் இவ்வளவு பேசுவான் என்று அவளுக்குத் தெரியாது. தன்னிடம் சொல்லாத விஷயங்களை நாயிடம் சொல்கிறானோ என்றுகூடக் காதைத் தீட்டிக் கேட்டாள். பெரும்பாலும் வானிலைதான்.

ஆனால் நேற்றும் முந்தாநாளும் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்குக் கோதுமை விலை முடியும். ரேடியோ நிற்கும். வலைக்கதவு அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரம் சமையலறையில் குளிர்பெட்டியைத் தவிர ஒன்றும் கேட்காது. திரும்பி வந்ததும் எங்கே போனாய் என்று கேட்டால் படுத்திருந்தேன் என்பான். படுக்கிறவனுக்கு வலைக்கதவு எதற்கு?

அவள் பல மாதிரி யோசித்துப் பார்த்தாள். கொட்டகையில் ஏதோ செய்கிறான். பிறந்த நாளுக்கு ஏதாவது தச்சு வேலை. இல்லையென்றால் பக்கத்துப் பண்ணை ராய்ஸ் வந்து கூட்டிப் போகிறான், இரண்டு பேருமாகச் சீட்டு ஆடுகிறார்கள். சந்தேகம் என்று சொல்ல முடியாது, அறிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்புதான். போஸ்மன் கணவாயை ஏறி இறங்கும்வரை அந்த ஒன்றையே மென்றுகொண்டு வந்தாள். கணவாய்க்குக் கிழக்கே வந்ததும் வெயில் சுரீரென்று ஏறியது. மே மாதத்துக்கு அது அதிகம். ஆற்றோரத்தில் பாப்ளர் மரங்கள் ஒரே இரவில் இலை விட்ட மாதிரி நின்றன.

பத்தரைக்குக் கோதுமை விலை முடிந்தது. ரேடியோ நின்றது. வலைக்கதவு அடித்தது.

இந்தத் தடவை ஜன்னல் திறந்திருந்தது போல. நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு எஞ்சின் முக்கி, இருமி, பிடித்துக்கொண்டது. அந்த இருமலை அவள் எங்கேயும் அடையாளம் காண்பாள். அவர்களுடைய பழைய பிக்கப் வண்டி. சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மெல்ல விலகிப் போனது. நாயின் குரைப்பும் அதன் பின்னாலேயே போயிற்று.

"ஓரின்" என்றாள் ஆர்லிஸ். குளிர்பெட்டிதான் உறுமியது.

அவனுடைய போன் மேஜை மேல் கிடக்கிறது. அவனைப் பிடிக்க வழியில்லை. ராய்ஸைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டு மைல் தள்ளி இருக்கிறான், ஓடிப் போய் மறிக்கலாம். இணைப்பைத் துண்டித்து, ஹெட்செட் பொத்தானை அழுத்தி, "ராய்ஸைக் கூப்பிடு" என்றாள்.

ஜாய்ஸைக் கூப்பிடுவதாகப் போன் சொன்னது.

ஜாய்ஸ் ஓரினின் அக்கா, அரிசோனாவில் இருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். இடுப்பு எலும்பு அறுவைக்கு அடுத்த மாதம் தேதி குறித்தாகிவிட்டது, ஆனால் அந்த டாக்டருக்குக் கை நடுங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று தொடங்கினாள். அப்புறம் பேசுகிறேன் என்று ஆர்லிஸ் வெட்டினாள். மறுபடி பொத்தான். ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வது போல, "ரா-ய்-ஸ்" என்றாள். போன் மறுபடி ஜாய்ஸைக் கூப்பிட்டது. உனக்கு என்னம்மா ஆச்சு என்றாள் ஜாய்ஸ்.

அப்போதுதான் ஆர்லிஸ் தாங்கியிலிருந்து போனைக் கையில் பிடுங்கினாள். கட்டைவிரலால் பெயர்களைத் தள்ளி ராய்ஸைக் கண்டுபிடித்துத் தொட்டாள். ஆறேழு நொடி இருக்கும். நிமிர்ந்தபோது சாலை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதற்குள் தொப்பி போட்ட ஒரு தலை அவள் வண்டியின் கண்ணாடியோடு சேர்ந்து திரும்புவதைப் பார்த்தாள். ராய்ஸின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. விதைப்பு நேரம். டிராக்டர் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஒரு மைல் தள்ளி, பில்லிங்ஸுக்கு மேற்கே இருக்கிற எடைமேடை வந்தது. எடை பார்த்த பிறகு பச்சை விளக்கு எரியவில்லை. பின்பக்கம் போய் நிற்கச் சொல்லி அம்பு காட்டியது.

*

சோதனைக்கு வந்த ஆபீசர் பெயர் பிளெயின்ஃபெதர் என்று சட்டையில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான க்ரோ இனத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், நெட்டையாக, முழங்காலில் கறுப்புத் தோல் பட்டை கட்டியிருந்தார். அவசரமே இல்லாத குரல்.

"வெள்ளைக் கார்ல இருந்தது நான்தான் மேடம். கையில போன் இருந்துச்சா?"

நேரம் பார்த்தேன் என்று சொல்லலாம். தண்ணீர் பாட்டில் என்றுகூடச் சிலர் சொல்லித் தப்பியிருக்கிறார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஐடஹோவில், ஒரு தோப்புக்கு வழி கேட்கப் போனைக் காதில் வைத்து அவள் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியிருந்தாள். மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் அறுபது நாள் லாரி ஓட்ட முடியாது. இதெல்லாம் அவளுக்குப் பாடம்.

"இருந்துச்சு" என்றாள்.

அவர் தலையை ஆட்டி அட்டையில் எழுதிக்கொண்டார். காரணம் கேட்கவில்லை. லைசென்ஸ், மருத்துவச் சான்று, ஓட்டிய நேரக் கணக்கு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி நடந்துபோனவர், பின்பக்கம் போய் நின்றுவிட்டார். வலைக்குள் ஒரு சத்தம் எழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் மழை பெய்வது போல இருந்தது. பெட்டிகளின் முகப்பில் தேனீக்கள் தாடி மாதிரி தொங்கத் தொடங்கியிருந்தன. வலையின் ஓரத்தில் எங்கோ பொத்தல் கண்டுபிடித்த ஐம்பது அறுபது பேர் வெளியே வந்து பின்விளக்கைச் சுற்றினார்கள். அடுத்த வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்த ஆபீசர் தன் அட்டையை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பகல்ல ஒரு தேனீ லாரியை நான் சோதிச்சதே இல்ல. கீழ படுத்தா என்ன செய்யும்?" என்று பிளெயின்ஃபெதர் கேட்டார்.

"நீங்க அதை நசுக்காத வரைக்கும் ஒண்ணும் செய்யாது. மூச்சை அது மூஞ்சில விடாதீங்க." அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து முகவலைத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். ஓரினுடையது. அவர் தன் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். வலைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டார்.

"இதுல ராணி எத்தனை?"

"பெட்டிக்கு ஒண்ணு."

"அப்ப நானூறு ராணி."

"நானூத்தி எட்டு. ஒண்ணை இன்னொண்ணுக்கு ஆகாது. அதான் ஆளுக்கு ஒரு வீடு."

அவர் அதை யோசித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் நுழைந்தார்.

ஆர்லிஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கீழே இருந்து தட்டும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும், மறுபடி தட்டினால் விட வேண்டும். நிறுத்தின வண்டியில் போனைக் கையில் எடுத்தால் குற்றமில்லை. ஒரு கால் பிரேக்கில், ஒரு கை போனில். வீட்டுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. ராய்ஸுக்கு அடித்தாள், செய்தி விட்டாள். தட்டல் வந்தது, மிதித்தாள்.

பிக்கப் வண்டி வாசலை விட்டுக் கிளம்பி இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. சரளைச் சாலையில் போனால் வடக்கே ரயில் பாதை. அதற்குக் கேட்டும் கிடையாது, மணியும் கிடையாது, ஒரு பலகை மட்டும். தெற்கே போனால் நெடுஞ்சாலை. மே மாதம் என்பதால் விதை ஏற்றிய லாரிகள் வந்தவண்ணம் இருக்கும். பள்ளிக்கூடச் சின்னப் பிள்ளைகளின் பஸ் பன்னிரண்டு மணிக்குத் திரும்பும். சூப்புக் கிண்ணத்தின் மேல் அவன் முகம் விழுந்த விதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது.

தட்டல் வந்தது, விட்டாள்.

கீழே படுத்திருக்கிறவரிடம் சொன்னால் ஒரு ரேடியோவில் வேலை முடியும். ஆனால் அது சாதாரணமாக வாயில் வருகிற வார்த்தையா? சொந்தப் புருஷனைப் போலீசில் சொல்வது. ஓரின் ஊரில் யாரிடமும் வலிப்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை. முதுகு வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தான். ஊர்ப் போலீசான ஷெரீப் ஆபீசில் தெரிந்தால் காபிக் கடையில் தெரிந்த மாதிரி. சர்ச்சில் தெரிந்த மாதிரி. முப்பத்தொரு வருஷம் ஓட்டியும் அவன் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை. அவள்தான் இரண்டு.

பிளெயின்ஃபெதர் வெளியே வந்து எழுந்தார். பின் அச்சில் ஒரு பிரேக்கின் தண்டு கால் அங்குலம் கூடுதலாக நீள்கிறது, நிறுத்தி வைக்கிற அளவு இல்லை, ஆனால் சரிசெய்ய வேண்டும் என்றார். அவள் இறங்கி நின்றாள். பிரேக் சரிபார்ப்பது ஓரின் வேலை. இந்த வருஷம் அவள் செய்தது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? எழுதுறதுக்காக இல்ல. அந்தக் காதுமாட்டி நல்லாத்தானே இருக்கு. அப்புறம் எதுக்குப் போனைக் கையில எடுத்தீங்க?"

அவருடைய தொப்பி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதன் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கு வலிப்பு வருது. மார்ச்ல வந்துச்சு. ஓட்டக் கூடாது. யாரையும் பிடிக்க முடியல" என்றாள். பிறகு எண்ணையும் நிறத்தையும் சொன்னாள். பழுப்பு நிறப் பிக்கப், பின்பக்கக் கதவு பச்சை. ஊர், மாவட்டம், சாலை. சொல்லச் சொல்ல வாய் தன்பாட்டுக்குப் போனது.

அவர் முகவலையைக்கூடக் கழற்றாமல் காருக்கு நடந்துபோய் ரேடியோவை எடுத்தார்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து நிமிஷம். அவர் விளக்குகளைப் பார்த்தார், டயரில் ஆழம் அளந்தார், கட்டுப்பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அறுபது மைல் வேகத்தில் வந்த பெட்டிக்குள் தேனீ எதைப் பிடித்துக்கொண்டு இருக்கும் என்று கேட்டார். ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்றாள். பாதாம் பூவிலும் தேன் இருக்குமா என்று கேட்டார். இருக்கும், கசக்கும் என்றாள். அவர் தன்னைப் பேசவைப்பதற்காகக் கேட்கிறாரா, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலும். வெளியே வந்த தேனீக்கள் பின்விளக்கு பூ இல்லை என்று தெரிந்துகொண்டு, கைகழுவும் குழாயடியில் வரிசையாகத் தண்ணீர் குடித்தன.

ரேடியோ கரகரத்தது. அவர் கேட்டுவிட்டு வந்தார்.

"கிடைச்சுட்டாரு. நல்லா இருக்காரு. சரளை ரோட்டோரம் வண்டியை நிறுத்திட்டு, ஒரு மேட்டுல புல் வெட்டிக்கிட்டு இருந்தாராம்."

"புல்லா?"

"புல்லுதான். போன ஆளு அவரை வீட்ல கொண்டுவிட்டுட்டாரு. ஓட்டினதை நேர்ல பாக்கல, அதனால சீட்டு எழுதல. சாவி மட்டும் உங்க பக்கத்து வீட்டுக்காரர் கையில." அவர் முகவலைத் தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "உங்களை நான் நேர்ல பாத்தேன் மேடம். பாக்கலைன்னு என்னால எழுத முடியாது."

"எழுதுங்க" என்றாள் ஆர்லிஸ். அவருடைய தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். உள்விளிம்பில் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது. அவர் அதை விரலால் தட்டாமல், அது பறக்கிறவரை தொப்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

*

மைல்ஸ் சிட்டி தாண்டுகிறவரை அவள் வீட்டைக் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. வழியில் பையிலிருந்து உப்புக்கண்டத் துண்டையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துத் தின்றாள். சுவை தெரியவில்லை. கிளெண்டைவுக்கு முன்னால் ஹெட்செட் ஒலித்தது.

"போலீசை அனுப்புனது நீதானா?"

"நான்தான்."

"டாரில் வந்தான் தெரியுமா? நம்மகிட்ட வருஷா வருஷம் தேன் வாங்குறவன். அவன் முன்னாடி புல்லு மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திருடன் மாதிரி."

"பின்சீட்டுல உக்கார வச்சானா?"

"முன்சீட்டுதான்." நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது. "ஒன்பது இடத்துல பெட்டி இறக்கணும். புல்லு முட்டிக்கு மேல நிக்குது. பதினோரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து நீயா வெட்டுவ? ஏழு இடம் முடிச்சாச்சு. இன்னிக்கு ரெண்டு முடிச்சிருந்தா ஆயிருச்சு."

தச்சு வேலையையும் சீட்டாட்டத்தையும் யோசித்தவளுக்குப் புல் தோன்றவே இல்லை.

"ராய்ஸைக் கேட்டிருக்கலாமே."

"எதுக்குன்னு கேப்பான். முதுகு வலிக்காரன் புல்லு வெட்டலாமான்னு கேப்பான். பதினஞ்சு மைல் வேகத்துக்கு மேல நான் போகவே இல்ல ஆர்லிஸ். ரோட்ல ஈ காக்கா கிடையாது."

"ரயில் பாதை இருக்கே."

விதை உடைக்கிற சத்தம் நின்றது. வலதுபக்கம் யெல்லோஸ்டோன் ஆறு பழுப்பாக, பெருகி ஓடியது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து அவன் பெயரைச் சொன்னாள்.

"இருக்கேன்" என்றான். வேறு குரல். "நேத்து ரயில் பாதைகிட்ட நிறுத்தினேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். பாத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் நான் அந்தப் பக்கம் இருந்தேன். வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல எப்படித் தாண்டினேன்னு தெரியல."

அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த ஒருவன் ஹாரன் அடித்துவிட்டு ஏறிப் போனான்.

"தெரிஞ்சுமா இன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போன?"

"சரியாத் தெரியலைன்னுதான் போனேன். எப்பவும் போற பாதை, கவனிக்காம தாண்டிட்டேனா, இல்ல அதுதானா? உனக்கும் அப்படி ஆகும்ல, ஒரு ஊரைத் தாண்டினதே தெரியாம வந்துருவோமே. இன்னிக்குத் தாண்டுறப்ப முழுசாக் கவனிச்சுப் பாத்துரணும்னு நினைச்சேன்."

"பாத்தியா?"

"இன்னிக்குத் தெற்கால மேட்டுக்குப் போனேன்" என்றான் ஓரின். "அந்தப் பக்கம் போகத் துணிச்சல் வரல."

அவள் மாநில எல்லையைத் தாண்டியபோது, அடுப்பில் உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்ட சூப் கொதிக்கிறது என்று சொன்னான். கிரீம் ஊற்றிவிட்டாயா என்று கேட்டாள். வந்து நீயே ஊற்றிக்கொள் என்றான்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவள் ஊர் சேர்ந்தாள். ராய்ஸ் பாரம் தூக்கும் வண்டியோடு முதல் மேட்டில் காத்திருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. புல் ஒட்ட வெட்டிக் கிடந்தது. ஓரின் ஓரத்தில் நின்று, பெட்டிகள் அடுக்கிய பலகைகளை இறக்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டினான். வலையை அவிழ்த்தபோது தேனீக்கள் வந்து அவன் கைமேல் உட்கார்ந்தன, அவன் அசையவில்லை. கடைசி இரண்டு இடத்துக்குப் புல் வெட்டவில்லை. அந்தப் பெட்டிகளை ராய்ஸ் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னான்.

மறுநாள் காலை ஓரினே டாக்டருக்குப் போன் செய்தான். ஆர்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் இருந்தேன், அந்தப் பக்கம் இருந்தேன் என்று அவளிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னான். டாக்டர் ஆறு மாதத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். போனை வைத்துவிட்டு, நவம்பர் என்றான்.

ஆர்லிஸ் தன் சீட்டை எதிர்த்து வழக்காடவில்லை. வழக்காடினால் இலையுதிர் காலம் வரை இழுக்கும், தேனீக்களைத் தெற்கே கொண்டுபோகிற அக்டோபரில் போய் முட்டும். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றைக்கே தபாலில் போட்டாள். ஜூன் கடைசியில் கடிதம் வந்தது, அறுபது நாள் லாரி கிடையாது. சின்ன வண்டிக்குத் தடையில்லை. ஜூலையும் ஆகஸ்டும் லாரிக்கு எப்படியும் வேலை இருக்காது. மாட்டுத் தீவனச் செடி மஞ்சளாகப் பூத்து, தேன் சேரச் சேரப் பெட்டி மேல் பெட்டி ஏற்றுகிற காலம் அது. இதை ஓரினிடம் விளக்கினாள். எடைமேடையிலேயே கணக்குப் போட்டுவிட்டாயா என்று கேட்டான். இல்லை, கிளெண்டைவ் தாண்டித்தான் என்றாள்.

தடையின் முதல் நாள் காலை அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஓரின் ஏற்கெனவே பிக்கப்பின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். மடியில் சாப்பாட்டுப் பை. முழங்கால் இரண்டும் முன்பலகையில் இடித்துக்கொண்டிருந்தன. பதினாறு வருஷமாக அவன் வண்டி, அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை. இருக்கையைப் பின்னால் தள்ளுகிற பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடியில் துழாவிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து அதைத் தூக்கிவிட்டாள். இருக்கை தடாலென்று பின்னால் போனது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வடக்கு மேட்டுக்குத்தான் முதலில் போக வேண்டியிருந்தது. சாலையின் இரு பக்கமும் மஞ்சளாகப் பூத்து, திறந்த ஜன்னல் வழியே வாசனை உள்ளே வந்து நிறைந்தது. இங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரிகிறது, வாய்க்கால் தெரிகிறது, ராய்ஸ் வேலிக்குப் புது முள்கம்பி போட்டிருக்கிறான், இதெல்லாம் எப்போதும் இருந்ததா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். மெதுவாகப் போ என்று இரண்டு தடவை சொன்னான். அவள் பதினைந்து மைல் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ரயில் பாதை வந்தது. ஆர்லிஸ் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். எஞ்சினையும் அணைத்தாள். தூரத்தில் வானம்பாடி ஒன்று கத்தியது. தண்டவாளம் வெயிலில் இரண்டு பக்கமும் நேராக ஓடி மறைந்தது. அவள் தன் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி மேற்கே பார்த்தாள். ஓரின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தன் ஜன்னலில் கையை ஊன்றி, கிழக்கே வெகுநேரம் பார்த்தான்.

"என் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றான். "உன் பக்கம்?"

"இல்ல" என்றாள். வண்டியைக் கிளப்பினாள்.